பனிச்சரிவு வரும் இடத்தைக் காடே காட்டும்

கேள்வி: மதுரையிலிருந்து நண்பர்களாக ஏப்ரலில் இமயமலை டிரெக்கிங் போகிறோம். பனிச்சரிவு வரக்கூடிய இடத்தை நம்மால் அடையாளம் காண முடியுமா?

காடு இருக்கும் உயரம் வரை ஓரளவு முடியும். அடர்ந்த காட்டுக்கு நடுவே, மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் பெரிய மரமே இல்லாமல் புல்லும் புதருமாக இருக்கிறதா? அது பனிச்சரிவு திரும்பத் திரும்ப இறங்கும் தடமாக இருக்கலாம். வளைந்து கொடுக்கும் புதர்கள் பனிக்கடியில் படுத்துத் தப்பிவிடும், விறைத்து நிற்கும் மரம் முறிந்துவிடும். மரங்களில் மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும்.

அந்தப் பட்டை வெறும் அழிவு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெயில் தாராளமாக விழுவதால் அங்கே செடிகொடி செழிக்கும். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில், குளிர்கால உறக்கம் கலைந்த கிரிஸ்லி கரடிகள் தளிருக்கும் கிழங்குக்கும், சரிவில் சிக்கிச் செத்த மலையாடுகளுக்கும் இந்தத் தடங்களைத்தான் தேடி வருகின்றன. தேனிப் பக்க மலைகளில் வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோடு போல, காட்டுத்தீ பரவாமல் தடுக்கவும் இவை உதவும். அதனால் பூங்காக்களில் பனிச்சரிவை அடியோடு ஒழிக்க நினைப்பது தவறு என்பேன். சாலை குறுக்கிடும் இடத்தில் மட்டும் தலையிட்டால் போதும். கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் நெடுஞ்சாலையை மூடிவிட்டு, ராணுவ பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்குகிறார்கள்.

மரம் வளராத உயரத்தில் இந்த அடையாளம் எதுவும் கிடைக்காது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அதில் ஒருவர் நம் மதுரை மாவட்டத்துக்காரர், இன்னொருவர் தேனி மாவட்டம். பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

மேலே போனால் சாய்வைப் பாருங்கள். 30 முதல் 45 டிகிரி சாய்ந்த மலைப்பக்கங்களில்தான் ஆபத்து அதிகம். புதுப்பனி கொட்டி ஓரிரு நாள் ஆகும்வரை அங்கே கால் வைக்காதீர்கள். ஏப்ரல் மதிய வெயிலில் பனி இளகும், அதனால் விடியுமுன் கிளம்பிக் கடந்துவிடுங்கள். அதுவும் ஒவ்வொருவராக. ஆட்கள் சிக்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் அவர்களோ, கூட வந்தவர்களோ மிதித்துக் கிளம்புபவைதான். புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். அதற்குள் மீட்புப் படை வந்து சேராது. டிரான்ஸ்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும், ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள்.

அப்புறம் கூடாரம். தடத்தின் அடியில் சமதளமாக, அழகாக ஒரு புல்வெளி இருக்கும். அங்கே அடிக்கவே அடிக்காதீர்கள், இறங்கும் பனி அங்கே வந்துதான் நிற்கும்.