அந்தத் தாயின் முகம் ஏன் வாடியது?

கேள்வி: நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பகுதியின் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வுபெற்றவள். சிறு வயதில் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தவளும்கூட. கடந்த ஆண்டு இஸ்தான்புல்லில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மகளைப் பார்க்கத் துருக்கிக்குப் போனேன். அங்கும் தேயிலை விளைகிறது என்று கேள்விப்பட்டு, இருவருமாகக் கருங்கடல் கரையிலுள்ள ரிஸேக்குச் சென்றோம். மலைப்பாதை ஒன்றில் நின்று கொழுந்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வயதான பெண் ஒருவர் சுமையை இறக்கிவைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குத் துருக்கி மொழி தெரியாது. சோள ரொட்டியும் ஏதோ ஒரு களியும் தந்தார்; கிளாஸ் காலியாகக் காலியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். புறப்படும்போது, பாவம், கூலி வேலை செய்பவர் என்று எண்ணி மேசையில் கொஞ்சம் பணம் வைத்தேன். அவர் முகம் வாடிப்போயிற்று. பணத்தை எடுத்து என் கைப்பைக்குள்ளேயே திணித்துவிட்டார். வரும் மே மாதம் மறுபடியும் போகிறோம். எந்த முகத்தோடு அவரைப் போய்ப் பார்ப்பது? மொழி தெரியாமல் எப்படிப் பேசுவது?

பதில்: அன்புள்ள டீச்சர், கட்டாயம் போங்கள். நேர்ந்த பிழைக்கு மொழி காரணமில்லை. நம் ஊர்க் கண்ணால் அவரைப் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். கூடை சுமக்கும் பெண்ணைக் கண்டால் அவருக்குப் பின்னால் ஒரு கம்பெனியும், ஒரு துரையும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களமும், நாட்சம்பளமும் நமக்குத் தாமாகவே தெரிந்துவிடும். இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலை, துரைமார் காடழித்து உண்டாக்கிய தோட்டங்களில், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் கூலி உழைப்பில் வளர்ந்தது. ரிஸேயின் கதை வேறு. அங்கே முதல் தேயிலைத் தொழிற்சாலை திறக்கப்பட்டதே 1947இல்தான். அரசு ஊக்குவிக்க, விவசாயக் குடும்பங்கள் தத்தம் சொந்தக் காணிகளில் தேயிலையை நட்டன. இன்றும் பெரும்பாலான நிலம் அவர்களுடையதே. கொழுந்தை அரசுக்குச் சொந்தமான சாய்குர் நிறுவனத்துக்கோ தனியார் தொழிற்சாலைகளுக்கோ விற்கிறார்கள். கூலிக்கு வந்து வெட்டுபவர்களும் அங்கே உண்டு என்றாலும், மலையிலிருந்து நேரே தம் வீட்டுக்கு உங்களை அழைத்துப்போனவர் அந்தச் செடிகளின் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் ஏழையாகவே இருந்திருந்தாலும் அந்தப் பணம் அவரை வருத்தித்தான் இருக்கும். நான் ஏழாம் வகுப்பில் படித்த காலத்தில், ஹப்புத்தளையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் மழைக்கு ஒதுங்கினார்கள். அம்மா உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றி, ரொட்டிக்கு மாவு பிசைந்தார். சம்பலுக்கு வெங்காயம் உரிக்க நான் உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணும் கீழே அமர்ந்து, என் முன்னாலிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய உரித்தார். மழை விட்டதும் கணவர் ஒரு நோட்டை நீட்ட, அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “நா என்ன கடையா வச்சிருக்கேன்?” என்று அன்றிரவு முழுவதும் புலம்பியவர், அதற்கப்புறம் பல வருடங்களுக்கு வெங்காயம் உரித்த அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினார். உங்கள் ரிஸே அம்மையாரும் அப்படித்தான் வருந்தியிருப்பார். அழையாமல் வாசலுக்கு வந்தவரைத் துருக்கியர் ‘தன்ரி மிசாஃபிரி’, அதாவது கடவுளின் விருந்தாளி என்பார்கள். கடவுள் அனுப்பிய ஆளிடம் யார் காசு வாங்குவார்கள்?

இனி, பேச்சு. நீண்ட உரையாடலுக்கு ஆசைப்படாதீர்கள். நாலைந்து சொற்கள் போதும். வாசலில் அவர் ‘ஹோஷ் கெல்தினிஸ்’ என்று வரவேற்பார். ‘ஹோஷ் புல்துக்’ என்று பதில் சொல்லுங்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவர் தரும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். முதிய பெண்களைத் ‘தெய்ஸே’ என்று அழைப்பார்கள். தாயின் சகோதரி என்று பொருள், நம் பெரியம்மாவும் சின்னம்மாவும் போல. (அவர்கள் மொழியில் தாய்க்குப் பெயர் ‘அன்னெ’. உறவு கொண்டாடச் சொல்லவில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது.) சாப்பிட்டதும் ‘எலினிஸே சாலிக்’ என்று சொல்லுங்கள். ‘உங்கள் கைக்கு ஆரோக்கியம்’ என்பது அதன் பொருள், சமைத்தவருக்கென்றே உள்ள வாழ்த்து அது.

தேநீர் ஓயாமல் வந்ததற்கும் காரணம் உண்டு. கிளாஸ் காலியானால் நிரப்புவது அங்கே வீட்டுக்காரரின் கடமை. போதும் என்றால் சின்னக் கரண்டியைக் கிளாஸின் வாயின் குறுக்கே வைத்துவிட வேண்டும். தலையாட்டுவதிலும் கவனம் தேவை. நாம் ‘சரி’ என்று பக்கவாட்டில் ஆட்டும் தலை, அவர்களுக்குப் ‘புரியவில்லை’ என்று படலாம். தலையை நிமிர்த்தி, புருவத்தை உயர்த்தி, நாக்கால் ‘ச்’ என்றால் அங்கே ‘இல்லை’ என்று பொருள். அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்குக் கிடைத்த களி ‘முஹ்லாமா’வாக இருக்கலாம். சோள மாவை பட்டரோடும் நூலாக இழுபடும் சீஸோடும் கிளறுவது, இறைச்சி சேராதது. மாட்டிறைச்சி உண்ணாதவரென்றால் ‘எத் யெமியோரும்’ என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறைச்சி உண்பதில்லை என்று பொருள். கோழியும் வேண்டாமென்றால் ‘தாவுக்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைபேசியின் மொழிபெயர்ப்பை இதற்கும் பஸ் நேரத்துக்கும் மருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் பைக்குள் இருக்கட்டும். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் விருந்து அலுவலகமாகிவிடும். ஓர் எச்சரிக்கை: இஸ்தான்புல்லின் சுற்றுலாத் தெருக்களில் “தேநீர் குடிக்க வாருங்கள்” என்று அழைப்பவரின் பின்னால் கம்பளக் கடை ஒன்றும் இருக்கக்கூடும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என்ன கொண்டுபோவது? கடந்த முறை படம் எடுத்திருந்தால் அதைக் கடதாசியில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். கொஞ்சம் கறுவாப்பட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைக்காரிக்குத் தேயிலையா, கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று தயங்குவீர்கள்; நான் தயங்கமாட்டேன். உங்கள் மலையில் விளைந்த தூள் ஒரு பக்கற் கொடுங்கள். அதை அவர், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தம் இரட்டைக் கெண்டியில் அவித்துப் பார்த்து என்ன முகம் காட்டுகிறார் என்பதே ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம்.

இன்னொன்று. பனி விழும் மாதங்களில் ஓய்ந்திருக்கும் அந்தச் செடிகளில் முதல் கொழுந்து வெட்டுவது மே மாதத்தில்தான். அவருக்கு வேலை மிகுந்த காலம். வீட்டில் நெடுநேரம் உட்காராமல் அவரோடு மலைக்கு ஏறுங்கள். அவர்கள் கொழுந்து வெட்டும், பை கட்டிய அந்தக் கத்தரியைக் கேட்டு வாங்கி வெட்டிப் பாருங்கள். பிறகு, கையால் கொழுந்து பறிப்பதை அவர் பார்த்திருக்கிறாரோ இல்லையோ, இரண்டு இலையும் ஒரு குருத்துமாக நீங்கள் கிள்ளிக் காட்டுங்கள், டீச்சர்.