ஜெனரேட்டர் சத்தமும் பிரதட்சணமும்

அன்புள்ள சார்,

அல்சூரில் முதல் மாடி வீடு. ஜன்னலுக்கு நேர் கீழே அபார்ட்மெண்டின் டீசல் ஜெனரேட்டர். கரண்ட் போனால் சுவரே 'ம்ம்ம்' என்கிறது. இரண்டு இன்ச் ஃபோம் ஒட்டினேன். அறையில் எதிரொலி குறைந்ததே தவிர உறுமல் அப்படியே இருக்கிறது. டோபாலஜியை வைத்துச் சத்தத்தை உறிஞ்சலாம் என்று படித்தேன். மெதுவடையும் கைப்பிடி வைத்த காபிக் கோப்பையும் ஒன்று என்கிற அந்தக் கணக்குக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு உதவுமா?

முரளி, பெங்களூரு

அன்புள்ள முரளி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இப்போதைக்கு உதவாது.

ஃபோமை நொந்து பயனில்லை. அதன் துளைகளில் காற்று உரசும்போதுதான் ஒலி வெப்பமாகிறது. ஆனால் சுவரை ஒட்டிக் காற்று அவ்வளவாக அசையாது. அலைநீளத்தில் கால்வாசி தள்ளித்தான் நன்றாக அசையும். உங்களுடையது நாலு சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 50 வெடிப்பு. அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர், கால்வாசி 1.7 மீட்டர். அவ்வளவு தடிமனுக்கு ஃபோம் வைத்தால் கட்டிலை எங்கே போடுவது?

சரி, டோபாலஜி. உங்கள் பேட்டை சோமேஸ்வரர் கோயிலில் கூட்ட நாளில் பிரகாரம் சுற்றியிருப்பீர்கள். வலம் மட்டும்தான். நடுவில் ஒருவர் நின்று செல்ஃபி எடுத்தாலும் கூட்டம் வளைந்து முன்னேதான் போகும். ஒலியை இப்படி நடக்கவைக்கக் காற்றே சுழல வேண்டும். 2014ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வளையத்துக்குள் மூன்று சின்ன ஃபேன்களை வைத்துச் சுழலவிட்டார்கள். வளையத்துக்கு மூன்று வாசல். ஒன்றில் நுழைந்த ஒலி அடுத்ததில் வெளியே வந்தது, மூன்றாவது கப்சிப். இப்படிப்பட்ட சுழல்களை வரிசையாக அடுக்கினால் சில அதிர்வெண்களுக்கு உள்பக்கம் மூடிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் ஒருவழிப் பாதை திறக்கும் என்று 2015ல் கணக்குப் போட்டார்கள். உங்கள் மெதுவடை இங்கேதான் வருகிறது. வடைக்கும் கோப்பைக் கைப்பிடிக்கும் ஓட்டை ஒன்றுதான்; வளைத்தாலும் நசுக்கினாலும் மாறாத இப்படிப்பட்ட எண்ணிக்கையைப் பார்ப்பதுதான் டோபாலஜி. ஓட்டை ஒன்றரை இருக்க முடியாது அல்லவா? ஓரப் பாதைகளும் அப்படித்தான், முழு எண். மூலை உடைந்தாலும் ஓரம் நெளிந்தாலும் எண்ணிக்கை மாறாது.

கடலில் இது தானாகவே நடக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிப் போகும் கெல்வின் அலை என்ற மிக நீளமான கடலலை கிழக்கே மட்டும்தான் போகும்; பூமி சுழல்வதால் வரும் அந்தப் பிடிவாதமும் இதே டோபாலஜிதான் என்று 2017ல் காட்டினார்கள்.

சாதாரண உறிஞ்சியில் ஒலியின் ஒரு பங்கு முகப்பிலேயே மோதித் திரும்பிவிடும். ஒருவழிப் பாதையில் திரும்ப இடமில்லை. வழியில் கொஞ்சம் பஞ்சு இருந்தாலே போகப் போகத் தேய்ந்துவிடும். உறிஞ்சுவது என்னவோ அதே பழைய பஞ்சுதான். டோபாலஜிக்கு டிராஃபிக் போலீஸ் வேலை. ஆனால் அந்த ஃபேன்களும் சத்தம் போடுமே!

அப்புறம், சுவரே 'ம்ம்ம்' என்கிறது என்றீர்கள். அப்படியானால் அதிர்வு தரை வழியாகவும் ஏறி வரலாம். செக்ரெட்டரியைக் கூட்டிக்கொண்டு போய், ஜெனரேட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் கட்டைகள் நசுங்கிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.