மயக்க ஊசிக்குப் பின் காளைக்கு எச்சில் ஒழுகினால் நிறுத்த வேண்டுமா?

பாலமேட்டுக்கு அருகே காளை வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தொடைக் காயத்துக்குத் தையல் போடுவதற்காகக் கால்நடை மருத்துவர் சைலசின் ஊசி செலுத்தியதும், அவருடைய புலிக்குளம் காளையின் வாயிலிருந்து எச்சில் விடாமல் ஒழுகியது, அதே மருந்து செலுத்தப்பட்ட வீட்டு நாய்க்கோ வாய் உலர்ந்து கிடந்தது. எச்சிலை நிறுத்த அட்ரோபின் போடச் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். அந்த எச்சில் வெளியே வடிவதுதான் காளைக்கு நல்லது.

உமிழ்நீர்ச் சுரப்பியை முதன்மையாகத் தூண்டுவது, ஓய்வையும் செரிமானத்தையும் கவனிக்கும் எதிர்ப்பரிவு நரம்பு; அது விடுவிக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் நீர்த்த உமிழ்நீரைப் பெருமளவில் சுரக்க வைக்கிறது. பதற்றத்தின்போது உடலை முடுக்கும் பரிவு நரம்பு விடுவிக்கும் நார்அட்ரினலினும், செல்லில் தனக்கென உள்ள ஏற்பிகளில் ஒட்டிச் சுரப்பியில் வேலை செய்கிறது: ஆல்ஃபா-1 ஏற்பியின் வழியே நீரையும், பீட்டா-1 ஏற்பியின் வழியே புரதத்தையும் வெளிவரச் செய்கிறது. ஆல்ஃபா-2 ஏற்பியின் போக்கு இவற்றுக்கு நேர்மாறானது. மூளையிலும் நரம்பு முனைகளிலும் அமர்ந்திருக்கும் அது, தூண்டப்படும்போது அசிட்டைல்கோலின் வெளிவருவதைக் குறைத்துவிடுகிறது. சைலசின் தூண்டுவது இந்த ஏற்பியைத்தான் என்பதால், நாய்க்கு வாந்தி வருமுன் சற்று எச்சில் ஊறினாலும் பிறகு வாய் வறண்டுபோகிறது.

அசைபோடும் விலங்கின் கதை வேறு. அதன் காதடிச் சுரப்பி, நரம்பின் தூண்டுதல் இல்லாதபோதும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும்; வளர்ந்த மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேலாக உமிழ்நீர் சுரந்து, அதிலுள்ள பைகார்பனேட்டைக் கொண்டு இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கிறது. நாம் அதைப் பார்ப்பதில்லை, ஏனெனில் மாடு அதை விழுங்கிவிடுகிறது. மயக்கத்தில் விழுங்குதல் தளர்ந்து தலையும் தொங்கும்போது, வழக்கமாக உள்ளே போவது வெளியே வழிகிறது. புதிதாக வெள்ளம்போல் ஊறியதாக நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

அட்ரோபின் இந்தச் சுரப்பை முழுதாக நிறுத்தாது. எஞ்சுவதைப் பிசுபிசுப்பாக்கி, வடியவிடாமல் தொண்டையில் தேங்கச் செய்யும். சைலசினால் ஏற்கெனவே மந்தப்பட்ட இரைப்பை மேலும் அசைவிழக்க, வாயு வெளியேறாமல் வயிறு உப்பும்.

ஆகவே மருந்தைவிடத் தலையை வைக்கும் விதமே முக்கியம். காளையை நெஞ்சு தரையில் படிய அமரவைத்து, கழுத்துக்கு அடியில் வைக்கோல் மூட்டை கொடுத்து, தொண்டை உயர்ந்தும் வாய் தாழ்ந்தும் இருக்கும்படி செய்தால், எச்சிலும் எதுக்களித்த தீவனமும் நுரையீரலுக்குள் போகாமல் வெளியே வடிந்துவிடும். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சையானால், மருத்துவர் குறித்த நேரத்திலிருந்து தீவனத்தை நிறுத்துங்கள். சைலசின், குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். ஆகவே யாரிடமோ மிஞ்சிய மருந்தை நீங்களே ஒருபோதும் செலுத்தாதீர்கள். நிறைசினைப் பசுவானால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இம்மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

மயக்க ஊசியே போடாதபோது எச்சில் ஒழுகினால் கதை மாறுகிறது. காய்ச்சலும், வாயிலும் குளம்பிடுக்கிலும் புண்ணும் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். பூச்சிமருந்து தெளித்த பருத்திக் காட்டிலோ வயலிலோ மேய்ந்து வந்த மாடு எச்சில் வடித்து, நடுங்கி, கழிந்து, கண்பாவை சுருங்கி நின்றால், அங்கே அட்ரோபின் உயிர் காக்கும் மருந்து. உடனே கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணை அழைத்து, தெளித்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், மருத்துவர் வந்ததும் அதன் புட்டியைக் காட்டுங்கள்.