ரசிகர் தளத்துக்குக் காசு கட்டலாமா? கட்டுவதென்றால் டிசம்பரில் கட்டுங்கள்

கேள்வி: கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறேன். மகன் ஓஹாயோ ஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவனோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு ரசிகர் தளத்தில் ‘முதல் மாதம் 1 டாலர்’ என்றிருந்ததால் சேர்ந்தேன், அப்படியே மறந்துவிட்டேன். இப்போது கார்டில் 100 டாலர் போயிருக்கிறது. திரும்பக் கிடைக்குமா? இலவசமாக வருவதே போதுமா, இல்லை காசு கட்டினால்தான் உள்விஷயம் தெரியுமா? மகனுடைய நண்பர் ஒருவர் 15 டாலருக்கு பாஸ்வேர்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம். சேர்ந்த அன்று வந்த மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். ‘சலுகைக் காலம் முடிந்ததும் ஆண்டுச் சந்தாவாக மாறும்’ என்று அதில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். இருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், ஆனாலும் கேளுங்கள். பணம் எடுத்து சில நாள்தான் ஆகிறது, நீங்கள் உள்ளே போய் ஒன்றும் படிக்கவில்லை என்றால் பல இடங்களில் வாதாடாமல் திருப்பிப் போட்டுவிடுவார்கள். நான் சில வருஷம் ஒரு ஊடக நிறுவனத்தின் சந்தாப் பிரிவில் வேலை பார்த்தவன். ‘ரத்து செய்’ என்று அழுத்துகிற ஆளை இன்னும் எத்தனை பக்கம் சுற்றவிடலாம் என்று பேசுவதற்கே எங்களுக்குத் தனியாகக் கூட்டம் நடக்கும். ஒருவர் பொறுமையாக இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் மறுபேச்சில்லாமல் பணம் போய்விடும், ஆனால் எழுதுகிறவர் குறைவு. அந்த நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

எழுதும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்தே கேளுங்கள்: பணத்தைத் திருப்புங்கள், தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் ஒன்றை மட்டும் செய்துவிட்டு, அடுத்த வருஷம் மறுபடி கார்டைத் தொடுவார்கள். ரத்தானதாக வரும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் ஆப் வழியாகச் சேர்ந்திருந்தால் தளத்தில் எவ்வளவு தேடினாலும் ரத்து பட்டன் கிடைக்காது, ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கின் சந்தாப் பட்டியலுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். நீங்கள் ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால், கிரெடிட் கார்டாக இருக்கும் பட்சத்தில், அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். டெபிட் கார்டுக்கு விதி வேறு. அதனால்தான் இந்த மாதிரி இடங்களில் டெபிட் கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்று தொண்டை வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குச் சட்டம் கிடையாதா என்றால், இருக்கிறது. இணையத்தில் தானாகப் புதுப்பிக்கும் சந்தா விற்பவர் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், நிறுத்த எளிய வழி தர வேண்டும் என்று 2010-லேயே அமெரிக்க மத்திய சட்டம் வந்துவிட்டது. ‘எளிய வழி’ என்றால் என்ன என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 அக்டோபரில் ஒரு விதி போட்டது. 2025 ஜூலை 14 அன்று முழுதாக நடைமுறைக்கு வர வேண்டியது. ஜூலை 8 அன்று எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கிப்போட்டுவிட்டது. விதி கெட்டது என்பதற்காக அல்ல, விதி போடுமுன் செய்ய வேண்டிய பொருளாதார ஆய்வு ஒன்றைக் கமிஷன் செய்யவில்லை என்பதற்காக! வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்த ஒரு காகிதத்தைத் தயார் செய்ய முடியவில்லை. ஆறு நாள் தாண்டியிருந்தால் நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்பட்டிருக்காது. சரி, விடுங்கள்.

அடுத்தது, காசு கட்டினால் என்ன கிடைக்கும் என்பது. பலர் நினைப்பது போல ஃபுட்பால் செய்தி அல்ல. ஆட்டத்தில் என்ன நடந்தது, யார் எப்படி ஆடினார், கோச் என்ன சொன்னார் என்பதெல்லாம் இலவசம். உங்கள் கோச் ரயன் டேயின் செய்தியாளர் சந்திப்பு முழுதாக யூடியூபில் வந்துவிடும். உங்கள் அணிக்கு இலெவன் வாரியர்ஸ் என்ற தளம் 2006 முதல் இருக்கிறது, அங்கே படிக்கக் காசு கேட்பதில்லை. உங்கள் மகன் படிக்கும் வளாகத்திலேயே மாணவர்கள் நடத்தும் தி லேன்டர்ன் இருக்கிறது, 1881-இல் தொடங்கியது, அதுவும் இலவசம். மிச்சிகன் ரசிகர்களுக்கு எம்கோபிளாக். ஆட்டத்தை அக்கக்காகப் பிரித்து அங்கே எழுதும் அளவுக்குப் பல கட்டணத் தளங்களில் எழுத ஆளே இல்லை. எதிரி முகாம் என்பதால் நீங்கள் போக மாட்டீர்கள், அது வேறு விஷயம்.

கட்டணத் தளம் விற்கும் சரக்கு ரெக்ரூட்டிங். பள்ளியில் ஆடும் பையன்களில் யார் எந்தக் கல்லூரிக்குப் போகப்போகிறான், எந்த வாரம் எந்த வளாகத்துக்கு வந்து போனான், அம்மாவுக்கு எந்தக் கோச்சைப் பிடித்தது, இவைதான். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது, 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. அதற்கப்புறம் இந்த வதந்திச் சந்தைக்கு வருஷம் முழுக்க சீசன். இதிலும் முடிவு இலவசம், முடிவுக்கு முந்தைய கிசுகிசுவுக்குத்தான் காசு. எந்தப் பையன் எங்கே சேர்ந்தான், அவன் திறமைக்கு எத்தனை நட்சத்திரம், எந்த அணி எத்தனாவது இடம் என்று பல தளங்களின் மதிப்பீட்டைச் சேர்த்துப் போடும் 247ஸ்போர்ட்ஸ் கூட்டுப் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம். மூன்று நாள் முன்னாடியே ‘நமக்கு நல்ல செய்தி வருகிறது போலிருக்கிறது’ என்று ஒருவர் மெசேஜ் போர்டில் கண் சிமிட்டுவாரே, அந்தக் கண் சிமிட்டலுக்குத்தான் 100 டாலர்.

அது கேவலம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அதுதான் சுகம், கூட நாலு பேர் சேர்ந்து புலம்புவதில் ஒரு ஆறுதல். ஆனால் அங்கே கிடைப்பதை அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 30, உங்கள் அணி சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற இரவை நினைத்துப் பாருங்கள். கோச்சைத் துரத்து என்று கத்தாத இடமில்லை, காசு கட்டிய கூட்டம், கட்டாத கூட்டம் என்ற வித்தியாசமே இல்லை. 51 நாள் கழித்து அதே கோச் அட்லான்டாவில் நோட்ர டேமை 34–23 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். நட்சத்திரக் கணக்கும் அப்படித்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022-இல் சேர்த்த கூட்டம் அந்தக் கூட்டுப் பட்டியலில் அதுவரை யாரும் தொடாத உயரம். அந்த வருஷமே அணி 5 வெற்றி, 7 தோல்வி. அடுத்த வருஷம் நவம்பரில் கோச்சை அனுப்பினார்கள், அவருக்குத் தர வேண்டிய பாக்கி மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல். அந்தக் கூட்டத்தில் பலர் வேறு கல்லூரிகளுக்குப் போயே விட்டார்கள்.

காயம் பற்றிய உள்தகவல் என்று விற்பதற்கும் இப்போது அவ்வளவு மதிப்பில்லை. ஒரு காலத்தில் யாருக்கு முழங்கால், யார் ஆட மாட்டார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பலர் சந்தா கட்டினார்கள். உங்கள் அணி ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) 2023 முதல், யார் ஆட மாட்டார், யார் சந்தேகம் என்ற பட்டியலை ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தானே வெளியிடுகிறது. பைசா செலவில்லை.

சந்தா கட்டுகிறவர்கள் கவனிக்காத இன்னொரு பொறி உண்டு. அந்தத் தளத்தில் எழுதுகிற ஆளுக்குத்தான் பணம் தருகிறோம் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்கள் கார்டு இருப்பது அவரிடம் இல்லை, மேலே இருக்கும் வலைப்பின்னலிடம். ரைவல்ஸ் என்ற வலைப்பின்னல் 1998-இல் தொடங்கி ஒருமுறை விழுந்து, வேறு ஆட்கள் எடுத்து நிமிர்த்தி, 2007-இல் யாஹூ கைக்குப் போனது. அதை நிமிர்த்திய ஷேனன் டெரி அப்புறம் 247ஸ்போர்ட்ஸை ஆரம்பித்தார், 2015-இல் அதை சிபிஎஸ் வாங்கியது. 2021-இல் அவரே ஆன்3 ஆரம்பித்தார். மிச்சிகன் அணியை எழுதும் தி வுல்வரின் உட்படச் சில தளங்கள் ரைவல்ஸை விட்டு ஆன்3-க்குக் குடிபெயர்ந்தன. எழுதுபவர் போய்விட்டார், வாசகரின் ஆண்டுச் சந்தா பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது, பலர் இரண்டு இடத்திலும் கட்டினார்கள். 2025-இல் ஆன்3 ரைவல்ஸையே வாங்கிவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதனால்தான் ஆண்டுச் சந்தா வேண்டாம் என்கிறேன், மாதச் சந்தா கணக்குப்படி அதிகமாகத் தெரிந்தாலும்.

அப்படியானால் யாருமே கட்டக்கூடாதா? ஒரு வகையினர் கட்டத்தான் வேண்டும். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் எல்லாக் கட்டணத் தளத்தையும் திட்டுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் கடிதம் வருகிறது. ஓஹாயோ ஸ்டேட் மாதிரி அணிக்கு, பத்திரிகை நிருபர், டிவி, இலவசத் தளம் எல்லாம் சேர்த்தால் பயிற்சி மைதான ஓரத்தில் நிற்க இடமிருக்காது. அதே மாநிலத்தில் மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சின்னக் கூட்டமைப்பில் ஆடும் அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: டொலிடோ, போலிங் கிரீன், கென்ட் ஸ்டேட் மாதிரி. உள்ளூர்ப் பத்திரிகைகள் ஆளைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. இப்படிப்பட்ட சில கல்லூரிகளில் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்து குளிரில் நிற்பவர் ஒரே ஒருவர், கையில் கேமரா, பகலில் வேறு வேலை. அவருக்கு வரும் 10 டாலரை நிறுத்தினால் இலவசமாக எழுத இன்னொருவர் வர மாட்டார், அந்த அணியைப் பற்றி யாருமே எழுத மாட்டார்கள். அந்த மாதிரி அணி உங்களுடையதாக இருந்தால் கட்டுங்கள், ஆண்டுச் சந்தாவாகவே கட்டினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுபவர் மைதானத்துக்குப் போகிறாரா என்று முதலில் பாருங்கள். பத்து கட்டுரையில் எட்டு ‘இன்னார் ட்விட்டரில் சொன்னார்’ என்று இருந்தால் அவர் போகவில்லை.

உங்கள் அணி அந்த ரகம் இல்லை. ஆகவே டிசம்பர் வரை ஒரு பைசா தர வேண்டாம். டிசம்பர் தொடக்கத்தில் பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் போடும் நாள், ஜனவரி தொடக்கத்தில் போர்ட்டல். கிசுகிசு ஆசை அடங்கவில்லை என்றால் அந்த இரண்டு மாதம் மட்டும் மாதச் சந்தா கட்டுங்கள், 20 டாலர் சொச்சம். சேர்ந்த ஐந்தாவது நிமிடமே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள், கட்டிய மாதம் முடியும் வரை படிக்க விடுவார்கள்.

கடைசியாக, அந்த 15 டாலர் பாஸ்வேர்ட். வேண்டாம். அதை விற்பவர் திருட்டுக் கார்டில் எடுத்த கணக்கை இருபது பேருக்கு விற்றிருப்பார். இரண்டாவது வாரம் கணக்கு முடங்கும், அந்த நபரும் காணாமல் போவார். அதைவிடப் பெரிய தொல்லை, நீங்கள் பணம் தருகிற ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த செய்தி ‘உள்ளே இருந்து வந்த தகவல், இந்த வாரம் இந்த வீரர் மேல் கட்டினால் நிச்சயம்’ என்று வரும். ஓஹாயோவில் 2023 ஜனவரி முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கிறது, ஆனால் தனி ஒரு கல்லூரி வீரர் எத்தனை கஜம் ஓடுவார் என்பது போன்ற பந்தயத்தை 2024 மார்ச்சில் மாநிலமே தடை செய்துவிட்டது. அந்த ஆள் காட்டும் இடம் சட்டத்துக்கு வெளியே இருக்கும் இடம். மகனிடமும் இதைச் சொல்லிவையுங்கள், அவனுக்கும் இந்நேரம் ஒரு செய்தி வந்திருக்கும்.