நாலு பேர் சேர்ந்தா என்ன பண்ண முடியும்?

கே: ஆப்பிரிக்காவுல எச்ஐவி வந்தவங்களுக்காக தன்னார்வலர்கள் நடத்துற குட்டி அமைப்புகளால உருப்படியா ஏதாவது நடக்குதா சார்?

ப: நடந்திருக்குங்க. உகாண்டால எச்ஐவி வந்தவங்களுக்கு உதவுற டாசோங்கிற அமைப்பையே எடுத்துக்கோங்க, நோரின் கலீபான்னு ஒரு பிசியோதெரபிஸ்ட், ரத்தம் ஏத்துனதுல எச்ஐவி தொத்தி அவங்க புருஷன் 1987 ஜனவரில இறந்துட்டாரு, அதே வருஷம் இவங்களும் இன்னும் 15 பேரும் சேர்ந்து கம்பாலால ஆரம்பிச்சாங்க, அதுல பாதிக்கு மேல எச்ஐவி உள்ளவங்கதான், என்னைக் கேட்டா அதான் அவங்க பலமே. அப்போ மருந்து ஏது? வீடு தேடிப் போய் பேசுறது, ஆறுதல் சொல்றது, அவ்ளோதான். 2001ல நம்மூர் மருந்து கம்பெனி சிப்லா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலர்னு எச்ஐவி மாத்திரை தர முன்வந்தப்புறம்தான் விலை மடமடன்னு இறங்குச்சு. அதுக்குள்ள ஆரம்பிச்சவங்கள்ல நிறைய பேர் இறந்துட்டாங்க, டாசோ மட்டும் உகாண்டால பல ஊர்ல இன்னும் சிகிச்சை குடுத்துட்டு இருக்கு.