மாவட்ட அளவில் சிறுவர் நீச்சல் போட்டி நடத்த விதிகளையும் நேர அட்டவணையையும் எப்படித் தயாரிப்பது?

கேள்வியின் சுருக்கம்: ஒரே நாள் போட்டி, சுமார் 240 பிள்ளைகள், திறந்தவெளியில் ஆறு லேன் உள்ள 50 மீட்டர் குளம், டச் பேட் (சுவரைத் தொட்டதும் நேரத்தைப் பதியும் பலகை) இல்லை, ஸ்டாப்வாட்ச் மட்டும்தான்.

முதலில் ஹீட் (ஒரு தடவையில் லேனுக்கு ஒருவராகச் சேர்ந்து நீந்தும் குழு) கணக்கைப் போடுங்கள். ஒரு பிள்ளை எத்தனை ஈவென்டில் நீந்தலாம் என்ற எண்ணைத் தீர்மானிக்காமல் அட்டவணை எழுத உட்கார்ந்தால், அன்று மாலை இருட்டிய பிறகும் குழந்தைகள் ஈர உடையோடு குளக்கரையில் நிற்பார்கள். ஆளுக்கு மூன்று தனி ஈவென்ட், ஒரு ரிலே. அதற்கு மேல் வேண்டாம்.

240 பேரில் 12 வயது வரை 150 பேர், அதற்கு மேல் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். சின்னவர்களுக்கு 150 × 3 = 450 என்ட்ரி. ஆறு லேனுக்கு வகுத்தால் 75 ஹீட். ஆனால் எல்லா ஹீட்டும் நிரம்பாது. ஒரு ஈவென்டுக்குச் சராசரியாக அரை ஹீட் காலியாகப் போகும். மூன்று வயதுப் பிரிவு, ஆண் பெண் தனித்தனி, நான்கு ஸ்ட்ரோக் (நீச்சல் முறை) என்றால் 24 ஈவென்ட். அதற்கு 12 ஹீட் கூட்டுங்கள். ஆக 87. சின்னப் பிள்ளைகளின் 50 மீட்டருக்கு, முந்தைய ஹீட் கரையேறி அடுத்தது கிளம்பும் நேரத்தையும் சேர்த்து, ஹீட்டுக்கு இரண்டேகால் நிமிடம் வையுங்கள். மொத்தம் 196 நிமிடம், அதாவது மூன்றேகால் மணி நேரம். பலர் செய்யும் தப்பு, வேகமாக நீந்தும் பிள்ளையின் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது. ஹீட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது கடைசியாக வந்து சுவரைத் தொடும் பிள்ளைதான்.

பெரியவர்களுக்கு 270 என்ட்ரி, 45 ஹீட். இரண்டு பிரிவு, நான்கு 100 மீட்டர் ஈவென்டோடு 200 மீட்டர் ஐ.எம். (நான்கு ஸ்ட்ரோக்கையும் ஒருவரே நீந்தும் பந்தயம்) சேர்த்து 20 ஈவென்ட். காலி லேனுக்கு 10 கூட்டினால் 55. சராசரி இரண்டே முக்கால் நிமிடம் வைத்தால் இரண்டரை மணி நேரம்.

அதனால் போட்டி நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை முழுக்கச் சின்னவர்களின் 50 மீட்டர், மதியத்துக்கு மேல் பெரியவர்களின் 100, 200, பிறகு ரிலே. காலை 6.30க்கு வார்ம்-அப், 7.30க்கு முதல் விசில். 11.15க்குள் சின்னவர்கள் மெடலோடு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்; வெயிலில் டைல்ஸ் கால் வைக்க முடியாமல் சுடும் நேரத்தில் எட்டு வயதுக் குழந்தை வெறுங்காலோடு வரிசையில் நிற்க வேண்டாம். மதியம் 1.45க்கு வார்ம்-அப், 2.30க்குப் போட்டி, 5 மணிக்கு ரிலே, 5.45க்குள் முடிவு.

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு லாபம். 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் பந்தயம் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும். 100 தொடங்கிய இடத்திலேயே முடியும். இரண்டையும் கலந்து போட்டால் பிள்ளைகளையோ டைம்கீப்பர்களையோ நாள் முழுக்க இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலையவிட வேண்டும். பிரித்துவிட்டால் மதிய இடைவேளையில் ஒரே ஒரு முறை இடம் மாற்றினால் போதும்.

பிளாக்கில் (தொடக்க மேடையில்) இருந்து குதிக்கும் இடத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவு முதல் 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. முதல் நாளே கோல் வைத்து அளந்து பாருங்கள். ஆழமில்லாத முனை என்றால் அங்கே டைவ் கூடாது. ஆழமான முனையில் தொடங்கி ஆழமில்லாத முனையில் முடியுங்கள். இதில் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

ஈவென்ட் வரிசையை வயதுவாரியாக அல்லாமல் ஸ்ட்ரோக் வாரியாகப் போடுங்கள். காலையில் ஆறு ஈவென்டும் ஃப்ரீஸ்டைல், பிறகு ஆறும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் என்று போனால், ஒரு பிள்ளையின் ஒரு ஈவென்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் தானாகவே முக்கால் மணி ஓய்வு கிடைக்கும். வயதுவாரியாகப் போட்டால் 10 வயதுப் பிள்ளை பட்டர்ஃபிளை முடித்து மூச்சு வாங்கும்போதே பேக்ஸ்ட்ரோக்குக்கு மைக்கில் பெயர் கூப்பிடுவார்கள்.

வயதை டிசம்பர் 31 வைத்துக் கணக்கிடுங்கள். 2026இல் போட்டி என்றால் 2014இல் பிறந்த எல்லோரும் 12 வயதுதான், அவர்கள் பிறந்தது டிசம்பர் 30 ஆனாலும் சரி. விதித்தாளில் வயதோடு நிறுத்தாமல் பிறந்த ஆண்டையும் அச்சிடுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீரும். மாநிலத் தேர்வுக்கு நேரம் அனுப்பும் போட்டியானால் இந்திய நீச்சல் சம்மேளனம் அந்த ஆண்டு அறிவித்த பிரிவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழை என்ட்ரியோடு வாங்குங்கள், போட்டி அன்று காலையில் வாங்காதீர்கள்.

என்ட்ரி முடிவு 10 நாள் முன்பு. 5 நாள் முன்பு பெயர்ப் பட்டியலைப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பி, திருத்தத்துக்கு 48 மணி நேரம் கொடுங்கள். அதன்பின் பெயர் சேர்ப்பதில்லை என்பதைக் கறாராக வைத்திருங்கள். கடைசி நேரத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் ஒரு புது ஹீட், அதற்குப் புது அச்சு, பழைய தாளை வைத்து நிற்கும் டைம்கீப்பர், தப்பான லேனில் பிள்ளை என்று அடுத்தடுத்து இழுத்துக்கொண்டு போகும்.

தனியாக ஃபைனல் நடத்த நேரமில்லை, எல்லாம் டைம்டு ஃபைனல் (எல்லா ஹீட்டின் நேரங்களையும் ஒப்பிட்டு இடங்களைத் தீர்மானிப்பது) என்று எழுதிவிடுங்கள். அப்போது வேகமான ஆறு பேரும் கடைசி ஹீட்டில் ஒன்றாக நீந்த வேண்டும்: முதலாமவர் 3ஆம் லேன், அடுத்தடுத்தவர்கள் 4, 2, 5, 1, 6. வேகமானவர்களை மூன்று ஹீட்டில் பரப்பிப் போடும் முறை தகுதிச் சுற்றுக்கானது. ஹீட் பிரிக்க மென்பொருள் வைத்திருந்தால் அதில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். என்ட்ரியில் தங்கள் முந்தைய நேரத்தைத் தராதவர்கள் முதல் ஹீட்டுகளுக்குப் போவார்கள்.

லேனுக்கு மூன்று வாட்ச் என்றால் 18 பேர். மூன்றும் வேறுவேறாக 38.42, 38.61, 38.47 என்று காட்டினால் நடுவில் உள்ள 38.47தான் அதிகாரப்பூர்வ நேரம்; இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம். இரண்டு வாட்ச்தான் ஓடியது என்றால் சராசரி. ஆள் கிடைக்காவிட்டாலும் லேனுக்கு இருவருக்குக் குறையாமல் நிறுத்தி, கூடுதலாக இருவரை வாட்சைத் தட்டியபடி தயாராக வைத்திருங்கள். 50 மீட்டரில் ஸ்டார்ட்டர் மறுமுனையில் நிற்பார். சத்தம் 50 மீட்டர் கடந்து வர ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும். ஆகவே ஒலியைக் கேட்டு அழுத்தக்கூடாது. ஸ்டார்ட்டரின் விளக்கைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பல தடவை அவ்வளவுதான் வித்தியாசம்.

டிஸ்குவாலிஃபிகேஷன் (தகுதி நீக்கம்) பற்றி ஒரு வார்த்தை. சின்னவர்களிடம் அதிகம் வருவது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒற்றைக் கையால் சுவரைத் தொடுவது. கடைசி இரண்டு மீட்டரில் பக்கத்து லேனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத் தோள் சரியும், ஒரு கை முந்திப் போய்த் தொடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பது விதி, எட்டு வயதானாலும் அதேதான். ஆனால் அதை மைக்கில் சொல்லாதீர்கள். எந்த விதி, எந்த இடம் என்று சீட்டில் எழுதிப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள். அவர் பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்வார். ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு ஒரு எச்சரிக்கை தருவதாக இருந்தால், தேர்வுக்கு நேரம் போகாத மிகச் சின்ன வயதுப் பிரிவுக்கு மட்டும் தாருங்கள். அதையும் முன்கூட்டியே விதித்தாளில் எழுதியிருக்க வேண்டும்.

ஆட்சேபம் எழுத்தில், அணி மேலாளர் வழியாக, அந்த ஈவென்ட் முடிந்து 30 நிமிடத்துக்குள். ஒரே நேரம் எடுத்த இருவருக்குத் தங்கம் போனால் வெள்ளி கிடையாது, அடுத்தது வெண்கலம். மெடல் வாங்கும்போது இரண்டு மூன்று தங்கம் கூடுதலாக வாங்குங்கள்.

வார்ம்-அப்பில்தான் மோதல் காயங்கள் வரும். எல்லா லேனிலும் கால் முதலில் வைத்து இறங்க வேண்டும். கடைசி 15 நிமிடம் மட்டும் 1, 6 லேன்களில் டைவ், அதுவும் ஒரே திசையில். லைஃப்கார்டு இருவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். இடி கேட்டால் உடனே எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். அதற்காகவே மதிய அட்டவணையில் 5.45க்குப் பிறகு அரைமணி இடம் விட்டு வைத்து, மழை வந்தால் எந்த ஈவென்ட் முதலில் ரத்தாகும் என்பதையும் விதித்தாளின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். ரிலேயை ரத்து செய்யுங்கள், தனி ஈவென்டில் கைவைக்காதீர்கள்.