கைத்துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்குமா? விசையை மாற்றியிருந்தால் யார் பொறுப்பு?

விசையை யாரும் இழுக்காதவரை, கைதவறி விழுந்தாலும் குண்டு பாயாதபடி கைத்துப்பாக்கி அமைந்திருப்பதே விழுதல் பாதுகாப்பு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விற்பனை ஒப்புதலுக்காக, 1 மீட்டருக்குச் சற்று மேலிருந்து கான்கிரீட் தளத்தின் மீது பல நிலைகளில் அதைப் போட்டுச் சோதிக்கிறார்கள்.

ஓடும் பேருந்து சட்டென நிற்கையில் நின்றிருப்பவர்கள் முன்னே சாய்வதைப் போல, துப்பாக்கியின் பின்புறம் தரையில் மோதும் கணத்தில் விசை தன் எடையாலேயே பின்னோக்கி நகர முற்படுகிறது. அது போதிய தூரம் நகர்ந்துவிட்டால், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுடும் ஊசியை மறித்து நிற்கும் சிறு தடையும் விலகிவிடும். ஏனெனில் பல வடிவமைப்புகளில் அந்தத் தடையை விலக்குவதே விசைதான். 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் பி320 துப்பாக்கிகளுக்கு எடை குறைந்த விசையைப் பொருத்தித்தர முன்வந்ததன் பின்னணி இதுவே.

வேறு நிறுவனத்தின் விசையைப் பொருத்துபவர் அந்த எடையையும், சுருள்வில்லின் இறுக்கத்தையும், ஊசியைப் பிடித்திருக்கும் கொக்கியின் ஆழத்தையும் மாற்றிவிடக்கூடும். அதன்பின் தொழிற்சாலைச் சோதனையை நம்பியிருப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து. விபத்து நேர்ந்தால், அமெரிக்க நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் இந்த மாற்றத்தைக் காட்டித் தம் பொறுப்பை மறுக்கலாம். காயமடைந்தவரோ உரிமையாளர்மீது கவனக்குறைவு வழக்குத் தொடுக்கலாம்.

பாதுகாப்புப் பொத்தானைப் போட்டிருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சில துப்பாக்கிகளில் அது விசையை மட்டுமே பூட்டுகிறது, மோதலின் அதிர்ச்சியில் கொக்கி நழுவி ஊசி விடுபடுவதைத் தடுப்பதில்லை.